யாரை மனசுல வச்சு கட்டினோம்: ஊனமும் சமூகமும்

உலகத்துல மாற்றுத்திறனாளிங்க எத்தனை பேருன்னு கேட்டா உலக சுகாதார நிறுவனம் 130 கோடின்னு சொல்லுது, மொத்த ஜனத்தொகையில 16%, ஆறு பேர்ல ஒருத்தர். இந்தியாவோட 2011 மக்கள்தொகை கணக்கெடுப்ப எடுத்துப் பாத்தா 2.68 கோடி, அதாவது 2.21%, கிட்டத்தட்ட நாப்பத்தஞ்சு பேர்ல ஒருத்தர். இந்த வித்தியாசத்த பாத்துட்டு இந்தியர்கள் உடம்பு அவ்ளோ கெட்டியா போலன்னு யாரும் சந்தோஷப்பட வேண்டாம், பெரும்பாலும் இது கேள்வி கேக்குற விதத்துல வர்ற வித்தியாசம். அரசு ஊழியர் ஒருத்தர் வாசல்ல வந்து நின்னு "உங்க வீட்டுல ஊனமுற்றவங்க யாராச்சும் இருக்காங்களா"ன்னு கேட்டா எத்தனை வீட்டுல ஆமான்னு சொல்வாங்க? வெளிய தெரிஞ்சா பேசுவாங்கன்னு பயப்படுற வீடு சொல்லாது. தாத்தாவுக்கு காது சுத்தமா கேக்காது ஆனா அது வயசானா வர்றதுதானேன்னு விட்டுடுவாங்க. மனநல பிரச்சனைன்னா கேக்கவே வேணாம், அது கணக்குலயே வராது.

இதுக்காகத்தான் ஐநா புள்ளிவிவர ஆணையம் 2001-ல வாஷிங்டன் குரூப்னு ஒரு குழு அமைச்சுது, அவங்க ஊனம்ங்கிற வார்த்தையையே எடுத்துட்டு ஆறே கேள்வியா மாத்திட்டாங்க. கண்ணாடி போட்டும் பாக்க சிரமமா இருக்கா, காது மெஷின் வச்சும் கேக்க சிரமமா, நடக்க படி ஏற சிரமமா, ஞாபகம் வச்சுக்க கவனம் செலுத்த சிரமமா, குளிக்க துணி போட சிரமமா, நீங்க வழக்கமா பேசுற மொழியில பேசியும் அடுத்தவங்களுக்கு புரிய வைக்க சிரமமா இருக்கா, இவ்ளோதான். பதிலும் ஆமா இல்லன்னு கிடையாது, சிரமமே இல்லைல ஆரம்பிச்சு கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாதுன்னு நாலு படி. இப்படி கேட்டா பல இடத்துல நம்பர் ஏறுது. ஜனங்க மாறல, கேள்விதான் மாறுச்சு.

இத முதல்ல சொல்ல காரணம் இருக்கு. ஊனம்னா என்ன, யாருக்கு இருக்குங்கிறத டாக்டர் சர்டிஃபிகேட் மாதிரி கெட்டியான ஒரு விஷயம்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், ஆனா சட்டமே அதை அடிக்கடி மாத்தி எழுதிட்டுத்தான் இருக்கு. இந்தியாவுல 1995 சட்டத்துல 7 வகை ஊனம்தான், 2016 சட்டத்துல அது 21 ஆச்சு, தலசீமியாங்கிற ரத்த நோய், பார்க்கின்சன்ங்கிற நரம்பு நோய் உள்ளவங்க, ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்க எல்லாம் உள்ள வந்தாங்க. அந்த சட்டம் அமலுக்கு வந்த நாளுக்கு முந்தின நாள் ராத்திரி அவங்க உடம்பு ஒண்ணும் வேற மாதிரி இருந்திருக்காது. இடஒதுக்கீடு மாதிரி சலுகைக்கு குறைஞ்சது 40% ஊனம் இருக்கணும்னு கோடு போட்டிருக்காங்க, 39% வந்தவருக்கும் 40% வந்தவருக்கும் வாழ்க்கையில என்ன வித்தியாசம்னு அந்த கோட்டுல மாட்டிக்கிட்டவங்கள கேட்டாதான் தெரியும். கோடே வேணாம்னு சொல்ல வரல, உதவிய பங்கு போடும்போது எங்கயாவது கோடு போட்டுத்தான் ஆகணும், ஆனா அது மனுஷங்க போட்ட கோடுங்கிறத மறந்துடக் கூடாது.

சரி, அப்ப ஊனம் எங்க இருக்கு? ரொம்ப காலமா இருந்த பதில், உடம்புல. நரம்புல, எலும்புல, மூளையில எங்கயோ ஒரு பழுது, அதை சரி பண்ணனும், முடியலன்னா அந்த ஆள் பொறுத்துக்கணும். இத மருத்துவப் பார்வைன்னு சொல்வாங்க. இப்பெல்லாம் இதைத் திட்டுறது ஃபேஷனா போச்சு, எனக்கு அதுல முழு உடன்பாடு கிடையாது, ஏன்னா போலியோ தடுப்பு மருந்து இந்தப் பார்வையிலேருந்துதான் வந்துச்சு, கண்புரை ஆபரேஷன் இதுலேருந்துதான் வந்துச்சு. சிக்கல் என்னன்னா மருத்துவத்தால ஒண்ணும் பண்ண முடியாத இடத்துலயும் அந்த ஆள் நோயாளியாவே நிக்கிறாரு. ஒருத்தருக்கு இனிமே நடக்க வராது, சரி, ஆனா அவரு படிக்கணும், சம்பாதிக்கணும், ஓட்டு போடணும், காதலிக்கணும், இதுக்கெல்லாம் டாக்டர் கிட்ட பதில் இல்ல.

1972-ல பால் ஹன்ட்னு ஒருத்தர், தசை தேயுற நோயோட ரொம்ப வருஷம் காப்பகத்துல வாழ்ந்தவரு, இங்கிலாந்து பத்திரிகை ஒண்ணுக்கு லெட்டர் எழுதினாரு, காப்பகங்கள்ல எங்கள அடைச்சு வச்சிருக்காங்க, எங்க பேச்சு எடுபடல, நாமளே ஒரு சங்கம் சேப்போம் வாங்கன்னு. அதுலேருந்து பொறந்த அமைப்பு 1976-ல வெளியிட்ட ஆவணத்துல ஒரு அடிப்படையான பிரிவினை இருந்துச்சு. உடம்புல கை கால் இல்லாம இருக்குறது ஒண்ணு, அது பாதிப்பு. அந்த பாதிப்பு உள்ளவங்கள கணக்குல எடுக்காம சமூகம் நடந்துக்கிறதால வர்ற தடை இன்னொண்ணு, அதுதான் ஊனம். அப்ப ஊனம் சமூகம் ஏத்தி வைக்கிறது. 1983-ல மைக் ஆலிவர், அவரும் வீல்சேர்ல இருந்த ஆளுதான், இதுக்கு சமூக மாதிரின்னு பேர் வச்சாரு.

அந்த சங்கத்துல விக் ஃபிங்கெல்ஸ்டீன்னு ஒருத்தர், தென்னாப்பிரிக்காவுல நிறவெறிய எதிர்த்து ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவரு. அவரு ஒரு கற்பனை ஊர் சொல்வாரு. ஊர் பூரா வீல்சேர்ல இருக்குறவங்கதான், கட்டடத்த கட்டினவங்களும் அவங்கதான், நிக்கிற ஆளே இல்லாதப்ப எதுக்கு அவ்ளோ உயரம்னு கூரையையும் கதவையும் தாழ்வா வச்சுட்டாங்க. அந்த ஊருக்கு நடக்குற ஆளுங்க சில பேர் வர்றாங்க. தலை இடிக்குது, குனிஞ்சு குனிஞ்சு முதுகு போகுது, டாக்டருங்க (அவங்களும் வீல்சேர்லதான்) ஆராய்ச்சி பண்ணி இவங்களுக்கு தலைக்கவசமும் முதுகு வளையுற பெல்ட்டும் எழுதித் தர்றாங்க, யாரும் வேலை தரமாட்டேங்குறாங்க, கடைசியில இவங்களுக்குன்னு ஒரு தர்ம நிதி ஆரம்பிக்கிறாங்க. கதவ கொஞ்சம் உயர்த்தலாமேன்னு யாருக்குமே தோணல. நிறவெறி ஆட்சியில யார் எந்த வாசல் வழியா போகணும்னு சட்டம் போட்டு வச்சிருந்தத பாத்து வளந்தவருக்கு, படிக்கட்டும் அதே வேலையத்தான் செய்யுதுன்னு புரிய ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

வரலாற்ற பாத்தா இது கற்பனையாவே தெரியாது. தொழிற்சாலை வர்றதுக்கு முன்னாடி வேலைன்னா வீட்டுலயும் நிலத்துலயும், அவங்கவங்க வேகத்துல. பார்வை இல்லாதவரு கயிறு திரிச்சாரு, காது கேக்காதவரு தறி போட்டாரு, மெதுவா நடக்குறவரு ஆடு பாத்துக்கிட்டாரு. அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன், ஊனத்தோட பொறந்த குழந்தைய விட்டுட்டுப் போன கதையும் பாவத்தோட சம்பளம்னு தூத்தின கதையும் எல்லா நாகரிகத்துலயும் இருக்கு. ஆனா மெஷினோட வேகத்துக்கு மனுஷன் ஓடணும்னு வந்தப்ப ஒரு புது அளவுகோல் வந்துச்சு, மணிக்கு இத்தனை உருப்படி, அது முடியாதவன் வேலைக்கு லாயக்கில்லாதவன். பத்தொன்பதாம் நூற்றாண்டுல காப்பகங்கள் மளமளன்னு பெருகினதும் இதே காலம்தான், வீட்டுல எல்லாரும் ஃபேக்டரிக்குப் போனா இவங்கள யார் பாத்துக்கறது.

அடுத்தது தெரு. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ 1867-லயும் சிகாகோ 1881-லயும் சட்டம் போட்டுச்சு, உடம்பு சிதைஞ்சு பாக்க அருவருப்பா இருக்குறவங்க பொது இடத்துல தன்ன காட்டிக்கிட்டா அபராதம். பிச்சை எடுக்கறத தடுக்கத்தான்னு காரணம் சொன்னாங்க, ஆனா சட்டத்தோட வாசகம் உடம்பத்தான் குறிவச்சுது. சிகாகோவுல இத எடுத்தது 1974-ல, மனுஷன் நிலாவுக்குப் போயிட்டு வந்து அஞ்சு வருஷம் கழிச்சு.

அப்புறம் வந்தது நல்ல வித்து கெட்ட வித்துன்னு மனுஷங்கள பிரிக்கிற இனமேம்பாட்டு சித்தாந்தம், இத அப்ப விஞ்ஞானம்னு பெரிய பெரிய யுனிவர்சிட்டியில சொல்லிக் குடுத்தாங்க. 1927-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக்ங்கிற இளம்பெண்ண கட்டாய கருத்தடை பண்ணலாம்னு தீர்ப்பு சொல்லுச்சு, நீதிபதி ஹோம்ஸ் அதுல "மூணு தலைமுறை மூடர்கள் போதும்"னு எழுதினாரு. பின்னாடி ஆராஞ்சு பாத்தா கேரி பக்குக்கு புத்தி வளர்ச்சியில எந்தக் குறையும் இல்ல, வளர்ப்பு வீட்டு உறவுக்காரன் ஒருத்தன் பலாத்காரம் பண்ணி கர்ப்பமான பொண்ணு அவ, அத மறைக்கத்தான் அந்த முத்திரை. அந்த மூணாவது தலைமுறை "மூடர்", அவளோட குழந்தை, ஸ்கூல்ல நல்லா படிக்கிறவங்க பட்டியல்ல இடம் பிடிச்சிருந்தா. ஜெர்மனியில நாஜிங்க இத இன்னும் கீழ கொண்டு போனாங்க, பரம்பரை நோய் உள்ள இந்த ஆளால சமுதாயத்துக்கு வாழ்நாள் செலவு 60,000 மார்க்னு போஸ்டர் அடிச்சு ஒட்டினாங்க, பள்ளிக்கூட கணக்கு புத்தகத்துலயே இந்த செலவ கூட்டிக் கழிக்கச் சொல்லி கணக்கு வந்துச்சு. 1939 கடைசியில கொலை ஆரம்பிச்சுது, 1941 ஆகஸ்டுக்குள்ள ஆறு மையத்துல விஷவாயு குடுத்து கொன்னது 70,000 பேருக்கு மேல, அதுக்கப்புறமும் பட்டினி போட்டும் ஊசி போட்டும் தொடர்ந்துச்சு. யூதர்களுக்கான வதை முகாம்கள்ல வேலை பாத்த ஆளுங்க பலபேர் இங்க பழகிட்டுப் போனவங்க.

இந்த போஸ்டர பத்தி எழுதினதுக்கு காரணம், செலவு பேச்சு. மாற்றுத்திறனாளி விஷயம் எங்க வந்தாலும் ரெண்டாவது வரியில "இதுக்கு எவ்ளோ செலவாகும்"னு வந்துடும். அப்படி கேக்குறவங்க எல்லாரும் நாஜின்னு சொன்னா அது அபத்தம். ஆனா இதே கேள்விய தெருவிளக்குக்கு யாரும் கேக்கறதில்லைங்கிறத கவனிக்கணும். பார்வை இல்லாதவருக்கு தெருவிளக்கு தேவையே இல்ல, கட்டடத்துல லைட்டும் தேவையில்ல, அந்த செலவெல்லாம் பார்வை உள்ளவங்களுக்கான சிறப்பு வசதிதான். நிக்கிறவங்க உக்காரணும்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் நாற்காலி வாங்குறோம், வீல்சேர்ல வர்றவரு தன் நாற்காலிய தானே கொண்டு வந்துடுறாரு. யாருக்காக செலவு பண்ணும்போது அது சாதாரண செலவு, யாருக்காக பண்ணும்போது கூடுதல் செலவுங்கிறதுல சமூகத்தோட மனசு அப்படியே தெரியும்.

சமூகம் வேற மாதிரியும் இருக்க முடியும்னு காட்ட ஒரு நிஜ ஊர் இருக்கு. அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் கரைக்கு பக்கத்துல மார்த்தாஸ் வின்யார்டுன்னு ஒரு தீவு. குடியேறின சில குடும்பங்கள்ல மரபுவழி காது கேளாமை இருந்துச்சு, வெளிய கல்யாணம் கட்டுறது கம்மி, அதனால 19-ம் நூற்றாண்டுல அமெரிக்கா முழுக்க 5,700 பேர்ல ஒருத்தர்னா தீவுல 155 பேர்ல ஒருத்தருக்கு பொறவியிலேயே காது கேக்காது, சில்மார்க்ங்கிற ஊர்ல 25 பேர்ல ஒருத்தர். விளைவு என்னன்னா காது கேக்குறவங்களும் சேந்தே சைகை மொழி பேசினாங்க. மீன்பிடி படகுலேருந்து இன்னொரு படகுக்கு தூரத்துல கை ஆட்டி பேசுறதுக்கும், சர்ச்சுல சத்தமில்லாம அரட்டை அடிக்கிறதுக்கும் அது வசதியா வேற இருந்துச்சு. நோரா குரோஸ்ங்கிற மானுடவியல் ஆய்வாளர் 1970-கள் கடைசியில அங்க வயசானவங்ககிட்ட பேசினப்ப, ஒருத்தர பத்தி என்னென்னமோ ஞாபகம் வச்சு சொன்னாங்க, நல்ல மீனவரு, நல்ல விவசாயின்னு, அவருக்கு காது கேக்காதுங்கிறத தோண்டிக் கேட்டாதான் சொன்னாங்களாம். காது கேக்காததுங்கிற உடம்பு விஷயம் அங்க இருந்துச்சு, ஆனா பேச முடியாததுங்கிற தடை இல்ல.

இதுக்கு நேர் எதிரா அதே நூற்றாண்டுல நடந்தது 1880 மிலான் மாநாடு. காது கேளாத குழந்தைங்களுக்கு எப்படி பாடம் நடத்தணும்னு முடிவு பண்ண அங்க வந்தவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே காது கேக்குறவங்க. சைகை மொழிய வகுப்புலேருந்து எடுத்துடணும், வாய் அசைவ பாத்து வாயால பேசத்தான் கத்துக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. அதுக்கப்புறம் நிறைய நாட்டுல காது கேளாத ஆசிரியர்கள் வேலைய இழந்தாங்க, குழந்தைங்க கைய கட்டிப்போட்டு வச்ச பள்ளிக்கூடமெல்லாம் இருந்துச்சு. ஒரு மொழிய கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டே அத தடை பண்ணிட்டு, கேக்காத சத்தத்த உச்சரிக்கச் சொல்லி வருஷக்கணக்கா பாடு படுத்தினா பாடம் எங்க ஏறும்? 2010-ல வான்கூவர்ல நடந்த அதே மாநாட்டுத் தொடர்ல அந்த தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிச்சாங்க, 130 வருஷம் கழிச்சு. இன்னொன்னு, வாஷிங்டன்ல காது கேளாதவங்களுக்கான காலடெட் கல்லூரி 1864-லயே பட்டம் குடுக்குற அதிகாரம் வாங்கிடுச்சு, ஆனா அதுக்கு காது கேளாத ஒருத்தர் தலைவரா வந்தது 1988 மார்ச்லதான், அதுவும் ஸ்டூடண்ட்ஸ் வாசல் கதவ இழுத்து மூடி ஒரு வாரம் போராடினதுக்கப்புறம்.

முடிவெடுக்குற மேஜையில யார் உக்காந்திருக்காங்கங்கிறதுதான் இதுல திரும்பத் திரும்ப வர்ற சண்டை, அமெரிக்காவுல எட் ராபர்ட்ஸ்ங்கிறவரோட கதையும் அதே கதைதான். 14 வயசுல போலியோ வந்து கழுத்துக்கு கீழ கிட்டத்தட்ட ஒண்ணும் அசையாது, ராத்திரியில மூச்சு விட இரும்பு நுரையீரல்னு ஒரு பெரிய பெட்டி வேணும். கலிபோர்னியா அரசோட மறுவாழ்வு துறை இவருக்கு வேலை பாக்கவே முடியாதுன்னு சொல்லி படிப்புக்கு உதவ மறுத்துச்சு, விஷயம் பத்திரிகையில வந்து நாறினப்புறம்தான் இறங்கி வந்தாங்க. 1962-ல பெர்க்லி யுனிவர்சிட்டியில சேந்தாரு, அந்த இரும்புப் பெட்டிய தாங்குற ஹாஸ்டல் ரூம் இல்லாததால யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில ஒரு பகுதியிலதான் தங்கினாரு. அவரும் கூட்டாளிங்களும் 1972-ல சுயவாழ்வு மையம் ஆரம்பிச்சாங்க. 1975-ல அதே மறுவாழ்வு துறைக்கே அவர தலைவரா போட்டாங்க.

அவங்க சுயவாழ்வுன்னு சொன்னதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அது எனக்கு இந்த முழு விஷயத்துலயும் ரொம்ப பிடிச்சது. தன் வேலைய தானே செஞ்சுக்கறதுதான் சுயமா வாழறதுன்னு ஆஸ்பத்திரி மறுவாழ்வு கத்துக் குடுக்கும், சட்டை பட்டன தானே போட ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல, முயற்சி பண்ணுன்னு. இவங்க திருப்பிக் கேட்டாங்க, பட்டன் போட உதவியாளர் அஞ்சு நிமிஷத்துல போட்டுடுவாரு, மிச்சம் அம்பத்தஞ்சு நிமிஷம் நான் படிக்கலாம், கூட்டத்துக்குப் போகலாம், எந்த சட்டைங்கிறத நான்தான் முடிவு பண்றேன்ல அப்ப நான் சுதந்திரமான ஆளு இல்லையா? உதவி வாங்குறது அடிமைத்தனம் இல்ல, யார் உதவணும் எப்ப உதவணும்னு சொல்ற உரிமை இல்லாம போறதுதான் அடிமைத்தனம். யோசிச்சுப் பாத்தா சமையல் யாரோ பண்றாங்க, வண்டி யாரோ ஓட்டுறாங்க, தண்ணி எங்கேருந்தோ குழாயில வருது, எந்த மனுஷனும் தனியா நிக்கல, சில பேரோட சார்பு மட்டும் கண்ணுக்குத் தெரியுது.

1977 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோவுல நடந்த முற்றுகையையும் சொல்லணும். அரசு பணம் வாங்குற எந்த நிறுவனமும் ஊனத்த காரணம் காட்டி பாகுபாடு பண்ணக் கூடாதுன்னு 1973-லயே ஒரு பிரிவு சட்டத்துல வந்துடுச்சு, 504-வது பிரிவு, ஆனா அத நடைமுறைப்படுத்துற விதியில கையெழுத்து போடாம நாலு வருஷமா இழுத்தாங்க. நூறு நூத்தம்பது பேர், வீல்சேர்லயும் ஊன்றுகோல்லயும் சைகை மொழியிலயுமா, மத்திய அரசு கட்டடத்துக்குள்ள போய் உக்காந்துட்டாங்க, மூணு வாரத்துக்கு மேல வெளிய வரல. ஃபோன் லைன வெட்டினாங்க, காது கேளாதவங்க ஜன்னல் வழியா சைகையில வெளியில இருந்தவங்களுக்கு சேதி சொன்னாங்க. கறுப்பின மக்களோட உரிமைக்கு போராடின பிளாக் பாந்தர் கட்சிக்காரங்க தினமும் சாப்பாடு கொண்டு வந்தாங்க. ஏப்ரல் 28-ம் தேதி கையெழுத்து விழுந்துச்சு. சட்டம் கருணையால வந்துச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு இது தெரியணும்.

நடைபாதை ஓரத்துல இருக்குற சரிவும் இந்த மாதிரி ஆளுங்க கேட்டு வந்ததுதான், இன்னிக்கு அத அதிகமா உபயோகிக்கிறது குழந்தை வண்டி தள்ளுறவங்களும் சக்கரம் வச்ச பெட்டி இழுக்குறவங்களும் சைக்கிள்காரங்களும். டைப்ரைட்டரோட ஆரம்ப கால மாதிரி ஒண்ண 1808 வாக்குல இத்தாலியில பெல்லெக்ரினோ துர்ரிங்கிறவரு செஞ்சது, பார்வை இல்லாத ஒரு பெண்மணி தன் கைப்பட கடிதம் எழுதணும்னு. ஆடியோ புத்தகத்த 1930-கள்ல பார்வையற்றவங்களுக்காக இசைத்தட்டுல பதிஞ்சு ஆரம்பிச்சாங்க. வீடியோவுக்கு கீழ ஓடுற கேப்ஷன் காது கேளாதவங்களுக்காக வந்தது, இப்ப சத்தத்த ஆஃப் பண்ணிட்டு பாக்குற எல்லாருக்கும் அதான் துணை. இந்த வாதம் நல்லா எடுபடும், ஆனா எனக்கு இதுல ஒரு சின்ன உறுத்தல் இருக்கு. எல்லாருக்கும் பிரயோஜனம்னாதான் செய்யணுமா? பிரெய்ல் வேற யாருக்கும் உபயோகப்படாது, அதனால பிரெய்ல் வேணாம்னு ஆகிடுமா?

இனி பார்வை, அதாவது மத்தவங்க பாக்குற பார்வை. ரெண்டே டப்பாதான் வச்சிருக்கோம், ஒண்ணு ஐயோ பாவம், இன்னொண்ணு ஆஹா சாதனை. செய்தியில மாற்றுத்திறனாளி வந்தா ஒண்ணு உதவி கேட்டு வருவாரு, இல்ல மலை ஏறினாருன்னு வருவாரு. ஆஸ்திரேலியாவுல ஸ்டெல்லா யங்னு ஒரு பத்திரிகையாளர், மேடை காமெடியும் பண்ணுவாங்க, வீல்சேர்ல இருந்தவங்க, 2014-ல ஒரு மேடையில இத போட்டு உடைச்சாங்க. காலையில எந்திரிச்சு தன் பேர ஞாபகம் வச்சிருந்ததுக்கே பாராட்டு வாங்க எனக்கு இஷ்டமில்ல, படிக்கட்ட பாத்து எவ்ளோ சிரிச்சாலும் அது சாய்தளமா மாறப் போறதில்லைன்னு சொன்னாங்க. மன உறுதியால ஒருத்தர் ஜெயிச்சாருன்னு கொண்டாடும்போது, ஜெயிக்காத மிச்சப் பேருக்கு மன உறுதி பத்தலன்னு சத்தமில்லாம சொல்லிடுறோம். அப்புறம் லிஃப்ட் கேட்டா "அவரு ஏறிட்டாரே"ன்னு பதில் வரும்.

இவ்ளோ நேரம் சமூக மாதிரிக்கு வக்காலத்து வாங்கிட்டேன், அதுக்கு ஒரு எல்லை இருக்குன்னும் சொல்லியாகணும். மூட்டு மூட்டா வலிக்கிற ஒருத்தருக்கு உலகத்துல உள்ள எல்லா படியையும் சாய்தளமா மாத்தினாலும் வலி போகாது. வலிப்பு, தீராத சோர்வு, சிதைஞ்சுட்டே போற நரம்பு நோய், இதெல்லாம் நல்ல கட்டடம் கட்டி தீக்க முடியாது. இத முதல்ல சொன்னது எதிரணி கூட கிடையாது, மாற்றுத்திறனாளி பெண்கள்தான், 90-கள்ல ஜென்னி மோரிஸ், லிஸ் குரோ மாதிரி ஆளுங்க, தடை எல்லாம் போனாலும் என் உடம்பு எனக்கு வலிக்கும், அத பேச விடுங்கன்னு எழுதினாங்க. இயக்கத்துக்குள்ள அதுக்கு கொஞ்சம் எதிர்ப்பு இருந்துச்சு, வலின்னு பேசினா மறுபடி நோயாளின்னு முத்திரை குத்திடுவாங்களோங்கிற பயம். 2001-ல உலக சுகாதார நிறுவனம் கொண்டு வந்த வகைப்பாடு ரெண்டையும் சேத்துக்கிச்சு, உடம்பு நிலைமை ஒரு பக்கம், சூழல் ஒரு பக்கம், ரெண்டும் மோதுற இடத்துலதான் ஊனம். ரெண்டு பக்கமும் முழுசா திருப்தி ஆகல, ஆனாலும் நடைமுறைக்கு இதுதான் கிட்ட இருக்குன்னு நினைக்கிறேன்.

ஆட்டிசத்த பத்தின ஒரு ஆய்வு இந்த மோதுற இடம்ங்கிறத அழகா காட்டுது. ஆட்டிசம் உள்ளவங்களுக்கு அடுத்தவங்க மனசு புரியாது, பழகத் தெரியாதுன்னு பல வருஷமா பாடம். டேமியன் மில்டன், அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், 2012-ல திருப்பிப் போட்டாரு, அவங்க மனசு எங்களுக்கு புரியலன்னா எங்க மனசும் அவங்களுக்கு புரியலதானே, ஏன் பழி எங்க மேல மட்டும்? 2020-ல வந்த ஒரு ஆய்வுல ஒரு விஷயத்த ஒருத்தர் காதுலேருந்து இன்னொருத்தர்னு சங்கிலியா கடத்தச் சொன்னாங்க. ஆட்டிசம் உள்ளவங்க மட்டுமே இருந்த சங்கிலியும், ஆட்டிசம் இல்லாதவங்க மட்டுமே இருந்த சங்கிலியும் ஒரே அளவுக்கு நல்லா கடத்துச்சு, கலந்து இருந்த சங்கிலியிலதான் விஷயம் பாதியில கொட்டிப் போச்சு.

வெளிய தெரியாத ஊனம்னாலே இன்னொரு தொல்லையும் சேந்து வரும், சந்தேகம். ஓரளவு நடக்க முடியுறவரு வீல்சேர்லேருந்து எந்திரிச்சா முறைப்பாங்க, நடிக்கிறாருன்னு. இளவயசுக்காரர் முன்பதிவு சீட்டுல உக்காந்தா எந்திரிக்கச் சொல்வாங்க, அவரு குடல் நோயோட போராடுறவரா இருக்கலாம். 2016-ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்டுல சூரியகாந்தி படம் போட்ட கழுத்துப் பட்டை ஒண்ணு கொண்டு வந்தாங்க, எனக்கு கண்ணுக்குத் தெரியாத ஒரு சிரமம் இருக்கு, கொஞ்சம் டைம் குடுங்கன்னு அர்த்தம், அது இப்ப நிறைய நாட்டுல பரவிடுச்சு. நல்ல யோசனைதான், ஆனா நிம்மதியா வரிசையில நிக்க உடம்பு ரகசியத்த கழுத்துல மாட்டிக்கணும்ங்கிறது கொஞ்சம் வருத்தமா இல்ல?

2006 டிசம்பர் 13-ம் தேதி ஐநா பொதுச்சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைய ஏத்துக்கிச்சு, 2008 மே மாசம் அமலுக்கு வந்துச்சு, 180-க்கும் மேல நாடுகள் ஒப்புதல் குடுத்திருக்கு. எங்கள விட்டுட்டு எங்கள பத்தி எதுவும் வேணாம்ங்கிற கோஷம் அந்த பேச்சுவார்த்தை நடந்த அறை வரைக்கும் போயிருந்துச்சு, அத எழுதினவங்கள்ல நிறைய பேர் மாற்றுத்திறனாளிங்களேதான். கல்வி, வேலை, கட்டடம், இணையம்னு நிறைய இருக்கு, அதுல பெருசா எதிர்ப்பு கிடையாது, செய்யறாங்களாங்கிறது வேற விஷயம். உண்மையான தகராறு 12-வது பிரிவுல. சட்டத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் சம தகுதி, அதாவது புத்தி வளர்ச்சி குறைபாடு இருந்தாலும் கடுமையான மனநோய் இருந்தாலும் தன் பணம், தன் வீடு, தன் உடம்பு பத்தி முடிவெடுக்குற உரிமை அந்த ஆளுக்குத்தான், புரிஞ்சுக்க துணை வேணும்னா துணை குடுக்கணும், அவருக்குப் பதிலா இன்னொருத்தர் முடிவெடுக்கக் கூடாது. 2014-ல உடன்படிக்கைய கண்காணிக்கிற குழு காப்பாளர் முறையவே ஒழிச்சாகணும்னு விளக்கம் குடுத்துச்சு. பெரு நாடு 2018-ல சட்டத்த திருத்துச்சு, கொலம்பியா 2019-ல, ஸ்பெயின் 2021-ல. கனடாவும் ஆஸ்திரேலியாவும் ஒப்புதல் குடுக்கும்போதே, சில நேரம் வேற ஒருத்தர் முடிவெடுக்குற முறைய நாங்க கைவிட மாட்டோம்னு குறிப்பு எழுதி வச்சுட்டாங்க.

பெத்தவங்களுக்கு இதுல ஒரு நியாயமான பயம் இருக்கு, எங்களுக்கப்புறம் எம்புள்ளைய ஏமாத்தி கையெழுத்து வாங்கிட்டா என்ன பண்றதுன்னு. மாற்றுத்திறனாளி அமைப்புங்க சொல்றதுலயும் உண்மை இருக்கு, ஏமாத்துறது பெரும்பாலும் காப்பாளர்ங்கிற பேர்லதான் நடக்குது, ஆபரேஷன் பண்ணி கருப்பைய எடுத்ததும் சொத்த எழுதி வாங்கினதும் ஆயுசுக்கும் காப்பகத்துல போட்டதும் எல்லாமே "உன் நல்லதுக்குத்தான்"னு சொல்லித்தான் நடந்துச்சு. கோமாவுல இருக்குறவருக்கு யார கேட்டு முடிவெடுக்குறதுன்னு கேட்டா, அவரு முன்னாடி எப்படி வாழ்ந்தாரு எத விரும்புனாருன்னு பாத்து அதையொட்டி முடிவெடுக்கணும், டாக்டருக்கோ சொந்தக்காரங்களுக்கோ எது நல்லதுன்னு படுதோ அத வச்சு இல்லைன்னு அந்த குழு சொல்லுது. நடைமுறையில ரெண்டுக்கும் நடுவுல எங்க கோடு போடுறதுன்னு கோர்ட்டுங்க ஒவ்வொரு கேஸா பாத்துட்டு இருக்கு, இந்த தடவ அந்த வழக்குகள்ல சிலதுல மனு போட்டவங்க, தங்களுக்காக முடிவெடுக்க வேற யாரும் வேணாம்னு சொல்ற மாற்றுத்திறனாளிங்களேதான்.